உலகமே கைதட்டிய பாலே குழு கடனில் மூழ்கியது ஏன்? ஹார்லெம் நடனப் பள்ளி மீண்டு வந்த கதை!

2004 செப்டம்பர். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் இயங்கிவந்த ஒரு நடன நிறுவனம், தன்னிடம் இருந்த 44 நடனக் கலைஞர்களையும் வேலையை விட்டு அனுப்பியது. தலைக்கு மேல் 23 லட்சம் டாலர் கடன். சோவியத் யூனியன் வரை போய் ஆடி, கைதட்டல் வாங்கி வந்த குழு அது. அந்தக் குழு மறுபடியும் மேடை ஏற எட்டு வருஷம் ஆனது.

நிறுவனத்தின் பெயர் 'டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெம்'. கறுப்பின மக்கள் அதிகம் வாழும் ஹார்லெமில், அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு பாலே நடனம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கப்பட்ட பள்ளி அது. பிறகுதான் நடனக் குழு வந்தது.

கலைப் பள்ளிகள் பணம் இல்லாமல் தடுமாறுவது புதுச் செய்தி இல்லை. இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது வேறு ஒன்று. கடனை அடைப்பதோடு இவர்கள் பிரச்னை முடியவில்லை. 'நாம் எதற்காக இருக்கிறோம்?' என்ற கேள்விக்கு 1969-ல் ஒரு பதில் இருந்தது. 2012-ல் அந்தப் பதில் மட்டும் போதவில்லை!

யார் இந்த ஆர்தர் மிட்செல்?

பள்ளியைத் தொடங்கியவர் ஆர்தர் மிட்செல். 1934-ல் பிறந்தவர், ஹார்லெம் பையன். அவருக்கு 12 வயதாகும்போது அப்பா சிறைக்குப் போனார். குடும்பத்தைத் தாங்க ஷூ பாலிஷ் போடுவது, பேப்பர் போடுவது, இறைச்சிக் கடையில் எடுபிடி என்று கிடைத்த வேலையெல்லாம் பார்த்தார்.

அங்கிருந்து நடனம் படித்து, 1955-ல் நியூயார்க் சிட்டி பாலே குழுவில் சேர்ந்தார். 1962-ல் அந்தக் குழுவின் முதன்மைக் கலைஞர் ஆனார். அந்த இடத்துக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவர்தான்.

இடையில் 1957-ல் ஒரு சம்பவம். ஜார்ஜ் பாலன்சின் என்ற நடன இயக்குநர், 'அகான்' என்ற புதிய படைப்பில் மிட்செலையும் டயானா ஆடம்ஸ் என்ற வெள்ளையினப் பெண்ணையும் ஜோடியாக ஆடவைத்தார். இன்றைக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் அன்றைய அமெரிக்காவில் கறுப்பின ஆணும் வெள்ளையினப் பெண்ணும் கைகோத்து ஆடுவது பலருக்குப் பொறுக்கவில்லை. புகார் மேல் புகார். அமெரிக்க வணிகத் தொலைக்காட்சியில் அந்த ஜோடி நடனம் ஒளிபரப்பாக 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதாவது 11 வருஷம்.

கிங் கொலையும் கராஜ் வகுப்பும்

1968 ஏப்ரல் 4-ம் தேதி மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். பிரேசிலில் ஒரு தேசிய பாலே குழுவை உருவாக்க உதவிக்கொண்டிருந்த மிட்செல், அங்கே போவதற்காக விமான நிலையம் செல்லும் வழியில்தான் இந்தச் செய்தியைக் கேட்டார். 'எங்கேயோ போய் ஏன் செய்ய வேண்டும்? பிறந்த இடத்திலேயே செய்தால் என்ன?' என்ற யோசனை அப்போது வந்ததாக அவர் பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறார்.

அந்தக் கோடையில் ஹார்லெமில் ஒரு கராஜில் வகுப்பு ஆரம்பமானது. வெக்கை தாங்காமல் கதவைத் திறந்தே வைத்தார்கள். தெருவில் போன பிள்ளைகள் நின்று எட்டிப் பார்த்தார்கள், சிலர் உள்ளே வந்தார்கள். பாலே என்றால் இறுக்கமான உடை, கொண்டை, ஏகப்பட்ட கட்டுப்பாடு. அதையெல்லாம் மிட்செல் தளர்த்தினார். டி-ஷர்ட், முழங்காலுக்கு மேல் வெட்டிவிட்ட ஜீன்ஸ்... எதுவானாலும் சரி என்றார். டிரம்ஸ் வாசிக்க ஆள் வைத்தார். ஆனால் சொல்லிக்கொடுத்த பாலேயில் மட்டும் எந்தத் தளர்வும் இல்லை.

30 பேரோடு தொடங்கிய வகுப்பு, சில மாதங்களில் 400 பேர் ஆனது!

ஆரம்பச் செலவுக்கு மிட்செல் தன் சொந்தப் பணம் 25,000 டாலரைப் போட்டார். பிறகு ஃபோர்டு அறக்கட்டளை 3 லட்சத்து 15 ஆயிரம் டாலர் தர முன்வந்தது. ஒரு நிபந்தனையோடு. அதற்கு ஈடாக இவர்களும் வெளியில் நிதி திரட்ட வேண்டும். தனக்கு நடனம் கற்றுத்தந்த ஆசிரியர் கேரல் ஷுக்கைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, 1969-ல் நிறுவனத்தை முறைப்படி தொடங்கினார். முதலில் ஒரு தேவாலயத்தின் அடித்தளம், பிறகு 152-வது தெருவில் பழைய கராஜ் கட்டடம் ஒன்று. இன்றுவரை முகவரி அந்தத் தெருதான்.

பள்ளியில் படித்தவர்களையும் வெளியில் வாய்ப்புக் கிடைக்காமல் இருந்த கறுப்பினக் கலைஞர்களையும் சேர்த்து ஒரு குழு உருவானது. 1971 ஜனவரியில் கூகன்ஹைம் அருங்காட்சியகத்தில் அரங்கேற்றம்.

காலுறையின் நிறத்தில் என்ன இருக்கிறது?

பாலேயில் பெண்கள் அணியும் காலுறையும், விரல் நுனியில் நிற்க உதவும் பாயின்ட் ஷூவும் வெளிர் ரோஸ் நிறத்தில் இருக்கும். ஏன் ரோஸ்? இடுப்பிலிருந்து கால் நுனிவரை உடம்பின் கோடு அறுபடாமல் ஒரே நீளமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. சரி... யாருடைய உடம்பு? வெள்ளையினப் பெண்ணின் உடம்பு. கறுப்பினப் பெண் அதே ரோஸ் காலுறையைப் போட்டால், இடுப்புக்குக் கீழே வேறொருவர் கால் ஒட்டியிருப்பது மாதிரிதான் தெரியும்.

ஹார்லெம் குழு 1970-களில் இந்த வழக்கத்தை உடைத்தது. ஒவ்வொருவரின் தோல் நிறத்துக்கும் ஏற்பக் காலுறைக்கும் ஷூவுக்கும் சாயம் போட்டார்கள். பெரிய மேடைப் புரட்சியாக அன்று யாரும் இதைப் பேசவில்லை. ஆனால் இந்த நிறுவனம் எதற்காக இருந்தது என்று ஒரே ஒரு பொருளைக் காட்டிச் சொல்லச் சொன்னால், சாயம் போட்ட அந்த ஷூவைக் காட்டலாம்.

இதோடு தொடர்புள்ள பிற்காலச் செய்தி ஒன்று உண்டு. பிரேசிலின் ரியோவில் ஏழைப் பிள்ளைகளுக்கான நடனத் திட்டத்தில் பயின்று, பிறகு ஹார்லெம் குழுவுக்கு வந்தவர் இங்கிரிட் சில்வா. ஒவ்வொரு ஜோடி ஷூவுக்கும் தன் நிறத்தில் மேக்கப் ஃபவுண்டேஷனைக் கையால் பூசிக்கொண்டிருந்தார். ஏறக்குறைய 11 வருஷம்! 2019-ல்தான் அவர் நிறத்திலேயே தயாரான ஷூ கையில் கிடைத்தது. அவர் பூசிய பழைய ஷூ ஒன்று இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

குழுவின் படைப்புகளிலும் இதே பிடிவாதம் தெரியும். 'ஜிசெல்' என்பது 19-ம் நூற்றாண்டு ஐரோப்பிய பாலே. 1984-ல் ஹார்லெம் குழு அதை அப்படியே தூக்கி, லூசியானாவில் அடிமைகளாக இல்லாமல் சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பினச் சமூகத்தின் கதையாக மாற்றியது. ஜிசெலாக ஆடியவர் வர்ஜீனியா ஜான்சன். இந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு புகழ் இருந்தும் பணம் ஏன் இல்லை?

டிக்கெட் விற்றால் பணம் வருமே என்று தோன்றும். வராது. அதாவது, போதாது.

1966-ல் வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் மேடைக் கலைகளின் வரவு செலவை ஆராய்ந்து ஒரு புத்தகம் எழுதினார்கள். அவர்கள் சொன்ன விஷயம் ரொம்ப எளிது. தொழிற்சாலையில் புது இயந்திரம் வந்தால் பத்துப் பேர் செய்த வேலையை இரண்டு பேர் செய்வார்கள், பொருளின் விலை குறையும். நான்கு பேர் வாசிக்க வேண்டிய இசையை என்ன செய்ய முடியும்? 200 வருஷம் முன்பும் நான்கு பேர், அதே அரை மணி நேரம். இன்றைக்கும் நான்கு பேர், அதே அரை மணி நேரம். ஆனால் ஊரெல்லாம் சம்பளம் ஏறும்போது அவர்களுக்கும் ஏற்றித்தானே ஆக வேண்டும்? அப்போ செலவு மட்டும் வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போகும்.

பாலேயில் இது இன்னும் மோசம். பெரிய நிகழ்ச்சி என்றால் ஒரே ராத்திரியில் ஒரு ஜோடி பாயின்ட் ஷூ வீணாகிவிடும். 44 பேருக்குச் சம்பளம், டூர் போனால் பயணம், தங்கும் இடம், மேடைப் பொருட்களை ஏற்றிச்செல்லும் லாரி... கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டிக்கெட்டுக்குப் பின்னாலும் யாரோ ஒருவருடைய நன்கொடை தேவைப்படுகிறது.

நன்கொடைக்கு அமெரிக்காவில் இரண்டு பெரிய வாசல்கள். ஒன்று அரசு. மத்திய அரசின் கலை நிதி அமைப்புக்கு 1995-ல் சுமார் 16 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அடுத்த வருஷமே அது 10 கோடிக்கும் கீழே போனது. நாடு முழுக்கக் கலை நிறுவனங்கள் இந்த அடியை வாங்கின. இன்னொரு வாசல் பணக்காரர்களும் அறக்கட்டளைகளும். பழைய, பெரிய பாலே நிறுவனங்கள் பல தலைமுறையாகச் சேர்த்து வைத்த வைப்பு நிதியின் வட்டியில் கொஞ்சம் மூச்சு விடும். பிள்ளைகளின் பெற்றோரே கஷ்டத்தில் இருக்கும் பகுதியில் தொடங்கிய பள்ளிக்கு அந்த மெத்தை எங்கிருந்து வரும்?

அதனால் 2004-ல் வந்தது திடீர் இடி இல்லை. 1990-லேயே பணம் இல்லாமல் குழு மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டது. 1997-ல் நடனக் கலைஞர்களே வேலைநிறுத்தம் செய்தார்கள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு நியூயார்க்கில் கலைகளுக்கான நிதி சுருங்கியது. எல்லாவற்றுக்கும் நடுவில் எல்லா முடிவையும் ஒரே ஆள், மிட்செல்தான் எடுக்க வேண்டும் என்ற நிலை. அவர் இல்லாமல் அந்த நிறுவனமே இல்லை என்பது உண்மை. ஆனால் ஒரே தோளில் நிற்கும் பந்தல் அது என்பதும் உண்மைதான்.

2004-ல் எது நின்றது? எது நிற்கவில்லை?

இங்கேதான் கதை திரும்புகிறது. உலகம் சுற்றிய நடனக் குழு நின்றுபோனது. பள்ளியும் தள்ளாடியது. ஆனால் நன்கொடையாளர்கள் கைகொடுத்ததால் பள்ளி தப்பித்தது. 152-வது தெருவுக்குப் பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். அரசுப் பள்ளிகளுக்குப் போய் நடனம் சொல்லிக்கொடுக்கும் 'டான்சிங் த்ரூ பேரியர்ஸ்' என்ற திட்டமும் தொடர்ந்தது. 1992-ல், நிறவெறி ஆட்சி இன்னும் முழுதாக முடியாத தென்னாப்பிரிக்காவுக்கு இந்தக் குழு போய் வந்தபோது பிறந்த திட்டம் அது.

மாதம் ஒரு ஞாயிறு அக்கம்பக்கத்தினரை அழைத்து நிகழ்ச்சி நடத்தும் வழக்கமும் இந்தக் கட்டடத்துக்கு உண்டு. மாணவர்கள் ஆடுவார்கள், குடும்பங்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். பத்திரிகையில் விமர்சனம் வராத, யாரும் பெரிதாகப் பேசாத வேலை இது. கடன் கழுத்தை நெரித்தபோது, புகழ் வாங்கித் தந்த பகுதி போய்விட்டது. தெருப் பிள்ளைகளுக்கான பகுதி மிஞ்சியது. 1968-ல் கராஜில் இருந்ததும் அதுதானே?

இதை ரொம்ப அழகுபடுத்தவும் வேண்டாம். வேலை இழந்த 44 பேரின் வாழ்க்கை அதனால் சரியாகிவிடவில்லை. ஒரு பாலே கலைஞருக்கு 25 வயதிலிருந்து 33 வரையிலான எட்டு வருஷம் என்பது அநேகமாக அவருடைய முழுத் தொழில் வாழ்க்கை. அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு 2012-ல் திரும்பி வர வயது இல்லை. அது மட்டுமல்ல, ஹார்லெமில் படிக்கும் பிள்ளைக்கு, 'நன்றாகப் படித்தால் ஒருநாள் அந்தக் குழுவில் ஆடலாம்' என்று காட்ட எட்டு வருஷம் மேலே எதுவும் இல்லை.

ஆசிரியர் நாற்காலியிலிருந்து திரும்பி வந்தவர்

வர்ஜீனியா ஜான்சன் 1950-ல் வாஷிங்டனில் பிறந்தவர். சின்ன வயதிலிருந்தே பாலே பயின்றவர். நல்ல பயிற்சி, நல்ல திறமை. ஆனால் தோல் நிறத்தால் தொழில்முறைக் கலைஞராக வாய்ப்பில்லை என்று அவரிடம் சொல்லப்பட்டது. கல்லூரியில் படிக்க நியூயார்க் வந்தவர், ஹார்லெமில் மிட்செல் வகுப்புக்குப் போனார். 1969-ல் குழுவின் ஆரம்பகால உறுப்பினர் ஆனவர், 28 வருஷம் அங்கேயே ஆடினார்.

1997-ல் ஓய்வு. அதன்பிறகு இதழியல் பக்கம் போய், 'பாயின்ட்' என்ற பாலே இதழின் முதல் ஆசிரியர் ஆனார். அந்த வேலையில் நன்றாகவே இருந்தார். 2009-ல் மிட்செல் கூப்பிட்டார். நின்றுபோன குழுவை நீதான் எடுத்து நடத்த வேண்டும் என்றார்.

கலை இயக்குநராகப் பொறுப்பேற்ற ஜான்சன் உடனே மேடை ஏற்றிவிடவில்லை. ஆள் தேடவும் பணம் சேர்க்கவும் ஏறக்குறைய மூன்று வருஷம் எடுத்துக்கொண்டார். 2012-ல் குழு திரும்பியபோது அதில் இருந்தது 18 பேர் மட்டுமே. 44 எங்கே, 18 எங்கே! 'ஜிசெல்' மாதிரி கூட்டம் தேவைப்படும் படைப்புகளைப் போட முடியாது. 18 பேருக்குப் பொருந்தும் சின்னப் படைப்புகள்தான். ராபர்ட் கார்லண்ட் 1999-ல் அமைத்திருந்த 'ரிட்டர்ன்' அதற்குத் தோதாக இருந்தது. ஜேம்ஸ் பிரவுன், அரீதா ஃபிராங்க்ளின் பாடல்களுக்குச் சுத்தமான பாலே அசைவுகள். பாலே என்றாலே நமக்கில்லை என்று ஒதுங்குகிறவரையும் உட்காரவைக்கும் படைப்பு.

2013 ஏப்ரலில் நியூயார்க் மேடைக்கு வந்தார்கள். பழைய பிரம்மாண்டம் இல்லையே என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு. ஆனால் தாங்க முடியாத அளவில் திரும்பத் தொடங்கி, மறுபடி நான்கு வருஷத்தில் மூடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

'இன்னும் தேவையா?'

ஜான்சன் சந்தித்த பெரிய கேள்வி பட்ஜெட் இல்லை. 1969-ல் மிட்செலுக்கு ஒரு தெளிவான வேலை இருந்தது. கறுப்பினத்தவரால் பாலே ஆட முடியாது என்று சொன்னவர்களிடம், முடியும் என்று நிரூபிப்பது. அதை நிரூபித்தாகிவிட்டது. 2015-ல் மிஸ்டி கோப்லேண்ட், அமெரிக்கன் பாலே தியேட்டரின் முதன்மைக் கலைஞரான முதல் கறுப்பினப் பெண் ஆனார். அப்புறம் தனியாக ஹார்லெமில் ஒரு பாலே நிறுவனம் எதற்கு?

கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் அதே நேரத்தில் நடந்த இன்னொரு விஷயத்தைப் பாருங்கள். கோப்லேண்டின் சாதனையைக் கொண்டாடியபோது, கறுப்பினப் பெண்கள் பாலே மேடைக்கு வருவதே அவரோடுதான் தொடங்கியது என்பது போலப் பேச்சு எழுந்தது. 1970-களில் ஹார்லெம் குழுவில் ஆடிய லிடியா அபார்கா உள்ளிட்ட பெண்களின் பெயர் யாருக்கும் தெரியவில்லை. கொரோனா காலத்தில் அவர்களில் ஐந்து பேர் வீடியோ காலில் கூடிப் பேச ஆரம்பித்தார்கள். தங்கள் வரலாற்றைத் தாங்களே சொல்ல ஓர் அமைப்பை உருவாக்கினார்கள். அதற்கு வைத்த பெயரிலும் அந்த 152-வது தெரு இருக்கிறது. கேரன் வால்பி அவர்கள் கதையை எழுதிய புத்தகம் 2024-ல் வெளிவந்தது.

ஒருமுறை நிரூபித்தால் போதாது, மறந்துவிடுவார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஜான்சன் காலத்தில் நிறுவனத்தின் பேச்சு இங்கேதான் மாறியது. 'எங்களாலும் முடியும்' என்று வெளியாருக்குக் காட்டுவது பின்னுக்குப் போனது. பாலே யாருக்குச் சொந்தம், அந்தக் கதவுக்குள் யார் யார் வரலாம் என்பது முன்னுக்கு வந்தது. குழுவில் பல நாட்டவர், பல இனத்தவர் இருந்தார்கள். கூடவே பள்ளியும், அரசுப் பள்ளி வகுப்புகளும் 'கூடுதல் சேவை' என்ற ஓரத்திலிருந்து மையத்துக்கு வந்தன.

இந்தச் சிக்கல் இவர்களுக்கு மட்டும் இல்லை. அதே பகுதியில் 1964-ல் பாடகி டோரதி மேனர் தொடங்கிய 'ஹார்லெம் ஸ்கூல் ஆஃப் த ஆர்ட்ஸ்' 2010-ல் கடனால் சில வாரங்கள் மூடிக் கிடந்தது. மிட்செல் 1968-ல் முதலில் வகுப்பு எடுத்தது அந்தப் பள்ளிக்காகத்தான். இசைக் கலைஞர் ஹெர்ப் ஆல்பெர்ட்டின் அறக்கட்டளை பல லட்சம் டாலர் கொடுத்து அதைத் தூக்கி நிறுத்தியது.

இப்போது நிலைமை என்ன?

மிட்செல் 2018 செப்டம்பரில் காலமானார். தான் தொடங்கிய குழு மறுபடி ஆடுவதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

2020-ல் கொரோனா வந்து மேடைகளை மூடியது. டூர் எல்லாம் ரத்து. அதே ஆண்டு மே மாதம் ஜார்ஜ் ஃபிளாய்டு கொல்லப்பட்ட பிறகு, கறுப்பினக் கலை நிறுவனங்களை இத்தனை வருஷம் யார் கவனித்தார்கள் என்ற கேள்வி நன்கொடையாளர்கள் பக்கம் திரும்பியது. நாட்டின் கலைச் செல்வங்கள் என்று ஃபோர்டு அறக்கட்டளை தேர்ந்தெடுத்து நிதி தந்த நிறுவனங்களில் ஹார்லெமும் இருந்தது. 2021-ல் கொடையாளர் மெக்கென்சி ஸ்காட் 1 கோடி டாலர் கொடுத்தார். 23 லட்சம் டாலருக்காக எட்டு வருஷம் முடங்கிய நிறுவனத்துக்கு இது எவ்வளவு பெரிய தொகை என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் இது ஒருமுறை வந்த பணம். பாமோல் சொன்ன கணக்கு வருஷா வருஷம் வரும்.

2023-ல் ஜான்சன் ஓய்வு பெற்றார். அடுத்த கலை இயக்குநராக வந்தவர் ராபர்ட் கார்லண்ட். இந்தக் குழுவிலேயே ஆடி, இங்கேயே நடனம் அமைத்தவர். வெளியிலிருந்து பெரிய பெயர் ஒன்றைக் கொண்டுவரவில்லை. அந்தப் பொறுப்புக்கு வரும் முன் கார்லண்ட் பார்த்த வேலைகளில் ஒன்று, 152-வது தெருப் பள்ளியின் இயக்குநர் வேலை.